வீட்டில் பழகுவதற்குப் பழைய ராடு வெல்டிங் மெஷின்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டில் ஓய்வு நேரத்தில் ராடு வெல்டிங் பழகுவதற்காகக் குறைந்த செலவில் ஒரு பழைய மெஷின் வாங்க விரும்புகிறீர்கள். இப்போது உங்கள் முன் இரண்டு இருக்கின்றன: 200 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், ஒருவராகத் தூக்க முடியாத டிரான்ஸ்பார்மர் ஒன்று, 160 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய, மின்னணு வகையான இன்வர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை என்பதால் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. உங்கள் வீட்டு மின் இணைப்பு எவ்வளவு தாங்கும்? பழகுகிற ஒருவருக்கு எவ்வளவு ஆம்பியர் போதும்? பிறர் பயன்படுத்திக் கைமாற்றும் மெஷினின் நிலையை வெளியிலிருந்து எந்த அளவுக்கு அறிய முடியும்? பல ஆண்டுகள் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு, பின்னர் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வந்தவன் என்ற முறையில் முதல் இரண்டுக்கும் உறுதியாகவே பதில் சொல்ல முடியும். மூன்றாவதில் ஓரளவுதான் உறுதி கூற முடியும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆம்பியர். பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மெஷினின் முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆனால் பழகும் காலத்தில் உங்கள் கையில் இருக்கப்போவது 2.5 மி.மீ. ராடும் 3.15 மி.மீ. ராடும்தான். 6013 என்ற எண்ணால் அறியப்படும் வகை ராடில் 2.5 மி.மீ.க்கு ஏறக்குறைய 60 முதல் 90 ஆம்பியர் வரையிலும், 3.15 மி.மீ.க்கு 90 முதல் 130 ஆம்பியர் வரையிலும் தேவைப்படும். துல்லியமான வரம்பு ராடுப் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 4 மி.மீ. ராடுக்கு 150 ஆம்பியரை ஒட்டி வேண்டும் என்றாலும், வீட்டில் பழகுகிறவர் முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டிய தேவையே வராது. ஆகவே 130 ஆம்பியரைச் சிரமமின்றி உண்மையாகவே தருகிற மெஷின் உங்களுக்குப் போதும். அதற்கு மேலுள்ள எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அதேபோல் கீழ்வரம்பையும் பாருங்கள். சில பழைய டிரான்ஸ்பார்மர்கள் 70 ஆம்பியருக்குக் கீழே இறங்குவதில்லை. அவற்றில் 2 மி.மீ. தகட்டில் பழகினால் தகடு ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும், குறை கையில் இருக்கிறதா மெஷினில் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

அடுத்தது மின் இணைப்பு. உங்கள் முடிவைத் தீர்மானிக்கப்போவது பெரும்பாலும் இதுதான், இதைத்தான் பலரும் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு யோசிக்கிறார்கள். சாதாரண வெல்டிங் டிரான்ஸ்பார்மர் உள்ளே எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும் என்பதை ஒரு எளிய கணக்கால் அறியலாம். ராடு தகட்டைத் தொடாதபோது வெளிமுனைகளில் இருக்கும் வோல்டேஜை, அதாவது ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜை, வீட்டு மின்சார வோல்டேஜால் வகுத்து, வெல்டிங் ஆம்பியரால் பெருக்கினால் போதும். 70 வோல்ட் ஓப்பன் சர்க்யூட் உள்ள மெஷினை 230 வோல்டில் இணைத்து 100 ஆம்பியரில் வெல்டிங் செய்தால், சுவரிலிருந்து சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். அதே 100 ஆம்பியரை ஓர் இன்வர்ட்டர் தரும்போது ஆர்க்கின், அதாவது ராடு முனைக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்பொறியின், வோல்டேஜ் சுமார் 24 ஆக இருக்கும். அதாவது ஆர்க்கில் செலவாவது 2,400 வாட். மெஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனுள்ள வேலையாகிறது என்ற விகிதம்) சேர்த்துக் கணக்கிட்டால் சுவரிலிருந்து 18 அல்லது 19 ஆம்பியர் அளவில் நிற்கும். இந்த வித்தியாசம் சிறியதன்று. 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் மட்டுமே உள்ள வீட்டில் இன்வர்ட்டரைக் கொண்டு 80 ஆம்பியர் வரை 2.5 மி.மீ. ராடில் நன்றாகப் பழகலாம். பழைய டிரான்ஸ்பார்மரோ மூன்றாவது ராடு முடிவதற்குள் பிரேக்கரைத் தட்டிவிடும். பிரேக்கர் சரியில்லாத இடத்தில் சுவருக்குள் உள்ள ஒயரைச் சூடாக்கும். 120 வோல்ட் இணைப்பு உள்ள இடங்களில் இந்த எண்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், அங்கே தனியாக 240 வோல்ட் பாயின்ட் இல்லாமல் டிரான்ஸ்பார்மரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பிரேக்கர் விழுகிறது என்பதற்காகப் பெரிய பிரேக்கரை மாற்றிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒயரின் தடிமனை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் மாற்றுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பானது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிரான்ஸ்பார்மர் வாங்குவதாக இருந்தால், தனி ஒயரிங்குக்கு எலக்ட்ரீஷியன் கேட்கும் தொகையையும் மெஷினின் விலையோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பழைய டிரான்ஸ்பார்மர்கள் பெரும்பாலும் ஏசி மட்டுமே தரும். சிறிய இன்வர்ட்டர்கள் பெரும்பாலும் டிசி மட்டுமே தரும். டிசியில் ஆர்க் எளிதாகப் பிடிக்கும், நிதானமாக நிற்கும், ராடு தகட்டில் ஒட்டிக்கொள்வது குறையும். ஏசியில் மின்னோட்டம் ஒரு வினாடிக்கு நூறு முறை அல்லது அதற்கு மேல் பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் ஆர்க் சற்றுக் கரடுமுரடாக இருக்கும், ஒவ்வொரு முறையும் அது மீண்டும் பற்றிக்கொள்ளப் போதிய ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் வேண்டும். 6013 ராடு சுமார் 50 வோல்டிலேயே எரிந்துவிடும். 7018 ராடை ஏசியில் எரிக்க 70 வோல்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 6010 ராடோ டிசிக்கு மட்டுமே உரியது, சிறிய இன்வர்ட்டர்களில் பலவும் அதைச் சரியாக எரிப்பதில்லை. நீங்கள் தொடங்கப்போவது 6013, ஆறு மாதம் கழித்துத் தொடப்போவது 7018 என்று வைத்துக்கொண்டால், 6010 எரியவில்லை என்பதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. ஏசியில் பழகியவர்கள் டிசிக்கு எளிதாக மாறிவிடுவார்கள் என்ற பேச்சு பட்டறைகளில் உண்டு. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆயினும் தொடக்கத்தில் ராடு ஒட்டி ஒட்டி மனம் சோர்ந்து பாதியில் விட்டவர்களையும் ஏசி மெஷின்களில்தான் அதிகம் கண்டிருக்கிறேன். அதனால் பழகுவதற்கு டிசி மேல் என்பது என் கருத்து. இது அளந்து பெற்ற முடிவன்று, பார்த்துப் பெற்ற முடிவு.

டியூட்டி சைக்கிள் என்ற சொல் பெயர்ப்பலகையில் இருக்கும். அது பத்து நிமிடக் கணக்கு. 160 ஆம்பியரில் 20 சதவீதம் என்றால், 40 டிகிரி செல்சியஸ் சூழலில் பத்து நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் வெல்டிங், எட்டு நிமிடம் ஓய்வு. ஆம்பியரைக் குறைத்தால் இந்த நேரம் கூடும்; அதே மெஷின் 100 ஆம்பியரில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஓடும். ஒரு ராடு எரிந்து முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், பிறகு கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, பீடை, அதாவது படிந்த வெல்டிங் வரியைப் பார்த்து, என்ன தவறு என்று யோசிப்பதற்குள் இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். பழகுகிறவருடைய வேகத்துக்கு 20 சதவீதமே பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. இதற்காக அதிகம் கவலைப்படாதீர்கள்.

இனி, பழைய மெஷினின் நிலையை அறிவது. டிரான்ஸ்பார்மரின் பெரிய நன்மை, அதில் கெட்டுப்போகக்கூடியவை குறைவு, கெட்டதும் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரிந்துவிடும் என்பதே. இரண்டு வைண்டிங் (கம்பிச் சுற்று), ஒரு இரும்பு கோர், ஆம்பியரை மாற்ற ஒரு கைப்பிடி அல்லது பல துளைகள், சிலவற்றில் ஒரு ஃபேன், அவ்வளவுதான். மூடியைக் கழற்றச் சொல்லி வைண்டிங்கைப் பாருங்கள். வார்னிஷ் ஒரே நிறமாகப் பழுப்பாக இருந்தால் வயது மட்டுமே ஆகியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கறுத்து, உதிர்ந்து, கருகிய வாடை வந்தால் அந்த இடத்தில் சுற்றுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன என்று பொருள். இணைத்து ஓடவிட்டால் சீரான முனகல் கேட்க வேண்டும். கோர் தளர்ந்திருந்தால் தகடுகள் அதிரும் ஓசை வரும். அதைப் போல்ட்டை இறுக்கிச் சரிசெய்துவிடலாம். ஆனால் ராடு பிடிக்காமல் சும்மா ஓடும்போதே அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு ஏறினால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். எண்ணெய் நிரப்பிய பழைய வகையாக இருந்தால் அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண்ணெயில் கை வைக்காதீர்கள். துளைகள் மாற்றும் வகையில் ஒவ்வொரு துளையிலும் பிளக்கைச் செருகிப் பார்க்க வேண்டும். வழக்கமாக அதிகம் பயன்பட்ட நடுத்துளைகளே தளர்ந்து கருகியிருக்கும்.

இன்வர்ட்டரின் கதை வேறு. உள்ளே இருப்பது ஒரு மின்னணுப் பலகை. அதில் பெரிய மின்னோட்டத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சிறு சிறு டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவை நேற்று வரை சரியாக ஓடி இன்று ஒரே நொடியில் வெடித்துப்போகலாம், முன்னெச்சரிக்கையாக எந்த வாடையும் சத்தமும் வருவதில்லை. நான் சொன்ன எல்லை இதுதான்: பயன்படுத்திய இன்வர்ட்டர் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. எனினும் அது எப்படி நடத்தப்பட்டது என்பதை அறிய ஒரு வழி உண்டு. காற்றுத் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருமுறை நான் எந்தச் சோதனையும் செய்யாமல், வெளியே பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்த ஒரு இன்வர்ட்டரை நம்பி வாங்கினேன். வீட்டில் மூன்றாவது ராடில், அதிகச் சூட்டைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றி மறுநாள் மூடியைத் திறந்தபோது, அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் கிரைண்டர் தூள் கறுப்பு வெல்வெட் துணி போலப் படிந்திருந்தது. ஃபேனின் மூன்று இறக்கைகளில் ஒன்று பாதி உடைந்திருந்தது. கிரைண்டர் தூள் இரும்புத்தூள், அது மின்சாரத்தைக் கடத்தும். வெல்டிங் மேசைக்கு அருகிலேயே கிரைண்டரும் ஓடும் பட்டறையிலிருந்து வருகிற இன்வர்ட்டர்கள் பலவும் இந்த நிலையில்தான் இருக்கும். எனவே விற்பவர் அதை எங்கே, எதற்குப் பயன்படுத்தினார் என்று கேளுங்கள். வீட்டுக் கதவு, கேட் வேலைக்கு எப்போதாவது எடுத்த மெஷினும், நாள் முழுவதும் தளத்தில் ஓடிய மெஷினும் ஒரே விலைக்கு உரியவை அல்ல. நீங்களாக மூடியைத் திறப்பதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 230 வோல்டில் ஓடும் இன்வர்ட்டரின் கப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் டிசி தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் இருக்கும். உயிரைப் பறிக்க அது போதும்.

எந்த வகையானாலும் ராடு எரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. விற்பவரிடம் இருக்கும் ராடை நம்பாமல், ஈரம் படாத புதிய 6013 ராடுகளை இரண்டு அளவிலும் நீங்களே கொண்டுபோங்கள். கூடவே 6 மி.மீ. தடிமனுள்ள, துருவைத் தேய்த்து நீக்கிய இரும்புத் துண்டு ஒன்றும், உங்கள் ஹெல்மெட்டும். முதலில் ராடு இல்லாமல் மல்டிமீட்டரால் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜைப் பார்த்து, பெயர்ப்பலகையோடு ஒப்பிடுங்கள். அடுத்து, பிளக் கழற்றிய நிலையில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் மெஷினின் பெயின்ட் இல்லாத உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா, மின்சாரப் பின்களுக்கும் உடலுக்கும் இடையே தொடர்பே இல்லையா என்று பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். மல்டிமீட்டர் குறைந்த வோல்டில் அளப்பதால் ஈரம் ஏறிய இன்சுலேஷனை அது காட்டிக்கொடுக்காது. டிரான்ஸ்பார்மராக இருந்தால் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவி வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, உடலுக்கும் வைண்டிங்குக்கும் இடையே 2.5 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. இன்வர்ட்டரில் மெக்கர் வைப்பதற்குத் தனி முறை உண்டு, தெரியாமல் வைத்தால் பலகை போய்விடும். அதை அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பிறகு 3.15 மி.மீ. ராடை 110 ஆம்பியரில் வைத்து, இடைவெளி அதிகம் விடாமல் மூன்று நான்கு ராடுகளைத் தொடர்ந்து எரியுங்கள். முதல் ராடு எல்லா மெஷினிலும் நன்றாகத்தான் எரியும். சூடேறிய பிறகு மூன்றாவது ராடு எப்படி எரிகிறது என்பதே சோதனை. எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற சீரான ஓசை கடைசி வரை இருக்க வேண்டும். ஓசை விட்டுவிட்டு வந்தால், கைதான் காரணமா என்று அறிய, வெல்டிங் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவது மிகவும் உதவும். கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் வெல்டிங் கேபிளில் மாட்டி உண்மையான ஆம்பியரைப் படியுங்கள். டிசி மெஷினுக்கு டிசியைப் படிக்கும் கிளாம்ப் மீட்டர்தான் வேண்டும். மலிவான சில இன்வர்ட்டர்களின் திரை 160 என்று காட்டும்போது கேபிளில் 120கூட ஓடாததைப் பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன். உங்கள் தேவையில் பெரும்பகுதிக்கு அது போதும் என்றாலும், 160க்கான விலையை ஏன் கொடுக்க வேண்டும்? கடைசியாக மெஷினை நிறுத்திவிட்டு, கேபிள் செருகும் சாக்கெட்டுகளையும் ராடு ஹோல்டரின் கழுத்தையும் எர்த் கிளாம்ப் லக்கையும் (கேபிள் முனையில் உள்ள உலோக இணைப்பு) தொட்டுப் பாருங்கள். அவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் அங்கே தளர்வு இருக்கிறது. இது மெஷினின் குறையாக இருக்க வேண்டியதில்லை. புதிய லக் போட்டால் தீர்ந்துவிடலாம். விலையைக் குறைத்துக் கேட்க நியாயமான காரணம் இது.

மெஷினுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கையிலுள்ள தொகையில் பாதிக்கு மேல் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. மீதிப் பாதி ஹெல்மெட், தோல் கையுறை, ராடு, இரும்பு ஆகியவற்றுக்கு வேண்டும். பழைய மெஷினோடு இலவசமாக வரும் கேபிள்கள் பெரும்பாலும் வெடித்து, செம்பு தெரிந்து இருக்கும். 150 ஆம்பியர் வரை பழக, நீளம் குறைவாக இருந்தால் 16 சதுர மி.மீ. கேபிள் போதும், நீளம் கூடினால் 25க்குப் போங்கள். ஹெல்மெட்டில் 10 அல்லது 11 எண் கண்ணாடி இந்த ஆம்பியர்களுக்குப் பொருத்தம். தானாக இருளும் ஹெல்மெட் தொடங்குகிறவருக்குப் பேருதவி, ஏனென்றால் ராடு முனை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஆர்க் பிடிக்கலாம். ஆனால் பழைய ஹெல்மெட்டை வாங்காதீர்கள், கண் விஷயத்தில் பிறர் கழித்ததை நம்ப வேண்டாம். ராடு எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். என்னிடம் பழகியவர்களுக்குத் தட்டையாக வைத்த தகட்டில் ஒரே அகலத்தில் ஒரு பீடு வருவதற்குள் பெரும்பாலும் ஐந்து கிலோ ராடு தீர்ந்திருக்கிறது.

வீட்டில் தனியாகப் பழகுவதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஏசி டிரான்ஸ்பார்மரின் 70, 80 வோல்ட் கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும், வியர்த்த உடம்போடு ஈரத் தரையில் நின்று ராடு மாற்றும்போது உயிராபத்தானது. நெருக்கடியான, ஈரமான இடங்களுக்கு 48 வோல்டுக்கு மேல் ஏசி கூடாது என்று சர்வதேசத் தரநிலையே வகுத்திருப்பது இதனால்தான். காய்ந்த கையுறை, காய்ந்த காலணி, காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை. இவை மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். பழக இலவசமாகக் கிடைக்கிறதே என்று துத்தநாகப் பூச்சுள்ள (கால்வனைஸ்டு) குழாய்களையும் தகடுகளையும் எடுக்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் இரும்பைத் துடைப்பது அதைவிட மோசம்; ஆர்க்கின் அருகே அதன் ஆவி பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும்.

இப்போது உங்கள் இரண்டு மெஷின்களுக்கு வருகிறேன். வீட்டில் 16 ஆம்பியர் பாயின்ட் மட்டுமே இருக்கிறது, தனி ஒயரிங் போடும் எண்ணம் இல்லை என்றால், இன்வர்ட்டர்தான். ஆனால் அதன் விலை அதே அளவுள்ள புதிய மெஷினின் விலையில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்டால் சற்றுப் பொறுத்திருந்து உத்தரவாதத்தோடு புதியதையே வாங்குங்கள், ஏனென்றால் பழைய இன்வர்ட்டரின் பலகை போனால் பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் அந்த மெஷினின் மதிப்பைத் தாண்டிவிடும். 32 ஆம்பியர் தனி இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது, மெஷினை ஓரிடத்திலேயே வைத்துவிடலாம் என்றால், மேலே சொன்ன சோதனைகளில் தேறிய டிரான்ஸ்பார்மரை எடுங்கள். ஏசியின் கரடுமுரடைப் பழக இரண்டு வாரம் கூடுதலாகும், ஆனால் அது உங்களுக்குப் பின்னும் இன்னொருவருக்கு உழைக்கும், விற்கும்போதும் விலை அதிகம் இறங்காது. டிரான்ஸ்பார்மரின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜையும் அதன் மிகக் குறைந்த ஆம்பியரையும், இன்வர்ட்டரின் பெயர்ப்பலகையில் உள்ள டியூட்டி சைக்கிளையும், உங்கள் பிரேக்கரில் எழுதியிருக்கும் எண்ணையும் குறித்து அனுப்பினால், இந்த இரண்டில் எதைப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.